எச்சில் தண்ணியும் தோல்ஷாப்பும்

குதூரி என்று ஒரு சட்டநூல். 1037இல் இறந்த பக்தாத் அறிஞர் குதூரி எழுதியது. ஹனஃபி மதரஸாக்களில் ஓதுகிற பிள்ளைகளுக்கு இன்றைக்கும் பாடம். பள்ளிவாசல் பக்கத்துக் கடைகளில் விற்கிற ஹனஃபி தொழுகை வழிகாட்டிகள் இந்த மாதிரி நூல்களிலிருந்து இறங்கி வந்தவைதான். ஒளு எப்படி எடுப்பது, எந்தத் தண்ணீர் கூடும், நோன்பு எதில் முறியும் என்று அன்றாட வாழ்க்கைக்கான சட்டங்கள். நம் தோழர்கள் இதையெல்லாம் சடங்கு என்று ஒதுக்கிவிட்டு, 'சமத்துவ மார்க்கம்' என்கிற மேடைப் பேச்சோடு நின்றுவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். சாதி இருப்பது மேடையிலா? தண்ணியிலயும் சோத்துலயும் பொண்ணு குடுத்து எடுக்குறதுலயும்தானே இருக்கு. அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டாமா?

தண்ணீர்ப் பாடத்தில் ஒரு சட்டம். மனிதர் குடித்து வைத்த மிச்சத் தண்ணீர் சுத்தமானது. உரைகாரர்கள் விளக்குகிறார்கள்: முஸ்லிமோ முஸ்லிம் அல்லாதவரோ, மாதவிலக்கில் இருக்கும் பெண்ணோ, யார் வாய் வைத்திருந்தாலும் சரி. அந்தத் தண்ணீரில் ஒளு எடுத்து இறைவன் முன்னால் நிற்கலாம். எங்க ஆயாவுக்குக் குனிஞ்சு நிக்கச் சொல்லி ஒசரத்துல இருந்து கையில ஊத்துவாங்க. சொம்பு பட்டுடக் கூடாதாம். இதைப் படித்த அன்றைக்குப் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய் நின்றேன்.

தொழுகை வரிசையும் அப்படித்தான். தோளோடு தோள் சேர வேண்டும், இடைவெளி விடக் கூடாது. உட்கார்ந்திருப்பவரை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் இன்னொருவர் உட்காரக் கூடாது என்பது நபிமொழி. முந்தி வந்தவனுக்கு முதல் வரிசை. ஊர்ப் பெரியவர் பிந்தி வந்தால் செருப்புகிட்ட நிக்க வேண்டியதுதான்.

அதே நூலில் நிக்காஹ் பாடம் வருகிறது. அங்கே 'குஃபு' என்று ஒரு சொல். சமம், பொருத்தம் என்று அர்த்தம். வம்சம், மார்க்கம், சொத்து, தொழில் இவற்றில் மாப்பிள்ளை பெண்ணுக்குச் சமமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெண்வீட்டுக் காப்பாளர் மறுக்கலாம். அடுத்த நூற்றாண்டில் வந்த ஹிதாயா, தொழிலைப் பெரிதாகப் பார்க்க வேண்டாம் என்ற அபூ யூசுஃபின் கருத்தைச் சொல்லும்போதே மூன்று பேரை விலக்கி வைக்கிறது: ரத்தம் உறிஞ்சி வைத்தியம் பார்ப்பவர், நெசவாளி, தோல் பதனிடுபவர்.

தோல் பதனிடுபவர்! ஆம்பூரும் வாணியம்பாடியும் என்ன ஊர்? தோல்ஷாப்பு முதலாளிமாரில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். சுண்ணாம்புத் தொட்டியில் நிற்பவர்களில் பெரும்பாலோர் நம் ஜனங்கள். எழுத்துப்படி பார்த்தால் முதலாளி வீட்டுக்கும் சம்பந்தம் கிடைக்கக் கூடாது. கிடைக்கிறது. ஏன்னா அவர் தோலைத் தொடுறதில்ல, வியாபாரம் பண்றார்.

தெரிந்த ஹஜ்ரத் ஒருவரிடம் கேட்டேன். கோபப்படவில்லை. "தம்பி, அது பொண்ணோட நன்மைக்காக வெச்ச சட்டம். கொறஞ்ச எடத்துல போய் அவ கஷ்டப்படக் கூடாதுல்ல" என்றார். "கொறஞ்ச எடம்னு எங்க தெருவ அளந்தது யாரு ஹஜ்ரத்?" என்றேன். டீ வரவழைத்தார். ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி கிளாஸ்தான், அதையும் சொல்ல வேண்டும்.

மார்க்கத்துக்குள்ளேயே மறுபேச்சு இருக்கிறது. இமாம் மாலிக் பொருத்தத்தை மார்க்கப்பற்றில்தான் பார்த்தார். ஹனஃபி அறிஞர் கர்கீ, குஃபுவையே கணக்கில் எடுக்கவில்லை. குறைஷிப் பெண் பாத்திமா பின்த் கைஸை, விடுதலை பெற்ற அடிமை ஸைதின் மகன் உஸாமாவைக் கட்டிக்கொள்ளச் சொன்னவர் நபி. உஸாமாவின் தாய் அபிசீனியக் கறுப்புப் பெண். பாத்திமாவுக்கு முதலில் பிடிக்கவில்லை. பிறகு கட்டிக்கொண்டார். அதில் நன்மை கண்டதாக அவரே சொன்ன செய்தி நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. நான் வாங்கிப் பார்த்த நாலைந்து வழிகாட்டிகளில் ஒன்றிலும் இது இல்லை.

1981 பிப்ரவரியில் நெல்லை மாவட்டத்து மீனாட்சிபுரத்தில் நம் ஜனங்கள் கூட்டமாகக் கலிமா சொன்னார்கள். அவர்களுக்கு வரிசை கிடைத்தது. அதைச் சின்னதாக்கிப் பேச எனக்கு உரிமையில்லை. ஆனால் மதம் மாறிய வீட்டுப் பெண்ணை யார் கட்டுவது என்று 2011இல் அன்வர் பாலசிங்கம் 'கருப்பாயி என்கிற நூர்ஜஹான்' நாவலில் கேட்டாரே, அந்தக் கேள்விக்கு ஒளுச் சட்டத்தில் பதில் இல்லை. கணுக்கால் வரை தண்ணீர் பட வேண்டும் என்று அவ்வளவு நுணுக்கமாக அச்சடிக்கிறவர்கள், அடுத்த பதிப்பில் நிக்காஹ் பாடத்தில் பாத்திமாவையும் உஸாமாவையும் சேர்க்கட்டும். பெயரோடு, உஸாமாவின் தாய் யார் என்பதோடு.