சரளிவரிசையும் நாற்பது வயது விரல்களும்

நடுவயதில் வீணை கற்க வருகிறவர்களிடம் ஒரு விசித்திரமான முரண் உண்டு. விரல்கள் முதல் பாடத்தில் நிற்கும்; காதுகளோ ஆண்டுக்கணக்காகக் கச்சேரி கேட்டுப் பழுத்திருக்கும். தோடி என்று பெயர் சொல்லத் தெரியாவிட்டாலும் அந்த ராகம் எழுந்ததும் தலை தானாக அசையும். அப்படிப்பட்டவர் சரளிவரிசையின் முதல் வரியை மீட்டும்போது, மனத்தில் இருக்கும் நாதத்துக்கும் கையிலிருந்து வருவதற்கும் உள்ள தூரம் அவருக்கு வலிக்க வலிக்கக் கேட்கிறது. எட்டு வயதுக் குழந்தைக்கு இந்த வலி இல்லை. பெரியவர்கள் பாதியில் வீணைக்கு உறை போட்டுவிடுவதற்கு நேரமின்மையைவிட இதுவே பெரிய காரணம்.

“பொறுமையா சாதகம் பண்ணுங்க, தானா வரும்” என்பதுதான் அவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரை. பாதி சரி. மறுபாதியைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் மரபான பாடமுறையின் பெருமையைச் சொல்லிவிடலாம். சரளி, ஜண்டை, அலங்காரம், கீதம் என்று படிப்படியாக ஏறும் இந்த வரிசையை வகுத்தவர் 16ஆம் நூற்றாண்டின் புரந்தரதாசர் என்பது மரபு. 15ஆவது மேளமான மாயாமாளவகௌளையில் தொடங்கியதில் இருக்கும் நுட்பம் வீணையில் கண்ணுக்கே தெரியும். சாரணித் தந்தியை எதிலும் அழுத்தாமல் மீட்டினால் ஸட்ஜம். ரிஷபம் முதல் மெட்டில், காந்தாரம் நான்காவதில், மத்யமம் ஐந்தாவதில். ஏழாவது மெட்டில் பஞ்சமம் வந்ததும் அதே நடை திரும்புகிறது: தைவதம் எட்டு, நிஷாதம் பதினொன்று, மேல் ஸட்ஜம் பன்னிரண்டு. ஒட்டி ஓர் அடி, ஒரு தாவல், மறுபடி ஒட்டி ஓர் அடி. கீழ்ப்பாதியில் கை படித்ததை மேல்பாதி அப்படியே உறுதிசெய்கிறது. கைக்கு இதைவிட நல்ல அரிச்சுவடி அமைவது அரிது.

மூன்று காலங்களில் வாசிக்கச் சொல்வதும் அப்படித்தான். தாளத்தின் வேகம் மாறாமல் சுவரங்கள் மட்டும் இரட்டிக்கும்போது, முதல் காலத்தில் மறைந்திருந்த கோணல் இரண்டாம் காலத்தில் வெளியே வந்துவிடும். பெரும்பாலும் அந்தத் தாவலில்தான்: ரிஷபத்திலிருந்து காந்தாரத்துக்குப் போகும் விரல் மெட்டுக்குச் சற்று முன்னாலேயே விழுந்து, தந்தி கரகரக்கும்.

குறையும் இங்கேதான் தொடங்குகிறது. கரகரத்ததும் மாணவர் என்ன செய்கிறார்? வரியின் தலைக்குப் போய் மறுபடி வாசிக்கிறார். பத்து முறை, இருபது முறை. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அதே பிழை. பிழையையே சாதகம் பண்ணிக் கைக்கு ஏற்றிவிடுகிறார். 2009இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் டியூக்கும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்த விஷயத்தில் கவனிக்கத்தக்கது. தேர்ந்த பியானோ மாணவர்கள் 17 பேரிடம் இசையமைப்பாளர் ஷோஸ்தகோவிச்சின் பியானோ கான்செர்டோவிலிருந்து ஒரு சிறு பகுதியைக் கொடுத்துப் பயிலச் சொன்னார்கள். மறுநாள் நன்றாக வாசித்தவர்கள் அதிக நேரமோ அதிக முறையோ பயின்றவர்கள் அல்லர். பிழை நேர்ந்த இடத்தைச் சரியாகக் கண்டுபிடித்து, அங்கே வேகத்தைக் குறைத்து, அது திருந்திய பிறகே நகர்ந்தவர்கள்.

அவர்கள் காட்டியதும் பொறுமைதான், எண்ணிக்கையில் காட்டும் பொறுமை அல்ல. ரி-க என்ற இரண்டு சுவரங்களை மட்டும் தனியே எடுத்து, விரல் இடம் அறியும்வரை நிதானமாக வாசிப்பதற்கு, முழு வரிசையையும் ஐம்பது முறை ஓட்டுவதைவிட அதிக மனவலிமை வேண்டும்.

வேலைக்குப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்ந்து வாரம் முழுவதன் கணக்கையும் தீர்க்கப் பார்ப்பதும் உண்டு. கை அப்படிக் கற்பதில்லை. விரல் அசைவு ஒன்றைப் பழகிவிட்டுத் தூங்கி எழுந்தவர்களின் வேகம், கூடுதல் பயிற்சி இல்லாமலே ஏறக்குறைய 20 சதவீதம் கூடியிருந்ததை தூக்க ஆய்வாளர் மாத்யூ வாக்கர் குழுவினர் 2002இல் காட்டினார்கள். ஆகவே நாள்தோறும் கொஞ்சம் பயில்வதே மேல். லண்டன் ‘கார்டியன்’ நாளிதழின் ஆசிரியராக இருந்த ஆலன் ரஸ்பிரிட்ஜர், ஷோபினின் கடினமான பியானோ படைப்பான முதல் பல்லேடை வாசிக்கத் துணிந்தது 2010இல், 56 வயதில். விக்கிலீக்ஸ் செய்திகள் வெடித்துக்கொண்டிருந்த காலம் அது. அவருக்குக் கிடைத்தது நாளொன்றுக்கு 20 நிமிடம், அதுவும் கிடைத்தால். ஒன்றரை ஆண்டுக்குள் நண்பர்கள் முன் வாசித்தார். சிறுவயதில் பியானோ கற்றவர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு அவர் நேரான அளவுகோல் இல்லை. ஆனாலும் அன்றாட இருபது நிமிடம் வீண் அல்ல என்பதற்கு நல்ல சாட்சி.

உடலையும் மறந்துவிடக் கூடாது. இடக்கை விரல்நுனியில் தந்தி பதிக்கும் தழும்பு இயல்பானது, நாளடைவில் காய்த்துவிடும். மணிக்கட்டில் குத்தும் வலி வேறு. அதைப் பொறுத்துக்கொள்வது சாதகம் ஆகாது. அமெரிக்கப் பியானோ மேதை லியோன் ஃபிளைஷரின் வலக்கை விரல்கள் 1960களின் நடுவில் மடங்கிப்போயின. அதன்பின் சுமார் முப்பது ஆண்டுகள் அவர் பெரும்பாலும் இடக்கைக்கான படைப்புகளையே வாசித்தார். வலியை மீறி ஓயாமல் பயின்றதையே அவர் காரணமாகச் சொன்னார்.

மரபான முறையில் பெரியவர்களுக்குப் பொருந்தாத இன்னொன்று, இசையைத் தள்ளிப்போடுவது. கீதம் முடியும்வரை கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் வெற்றுச் சுவரங்கள். வீணையின் உயிரோ தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துப் பிறப்பிக்கும் கமகத்தில் இருக்கிறது. கேட்டுப் பழுத்த காதை ஒன்றிரண்டு ஆண்டு பட்டினி போட்டுவிட்டு, மாணவருக்கு ஆர்வம் குறைந்துவிட்டது என்று குறைபட்டுக்கொள்வதில் நியாயம் இல்லை.

இதற்கு வழி மரபுக்குள்ளேயே இருக்கிறது. வீணை வித்வானான முத்துசுவாமி தீட்சிதர், மேற்கத்திய மெட்டுகளுக்குச் சாகித்யம் அமைத்துச் சுமார் 40 நொட்டுஸ்வரங்களை விட்டுச்சென்றிருக்கிறார். கமகம் அதிகம் தேவைப்படாத, சங்கராபரணத்தின் நேரான சுவரங்களில் நடக்கும் சிறு பாடல்கள் அவை. வீணை ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: சரளிவரிசையை விட்டுவிட வேண்டாம். ஆனால், நாற்பது வயதில் வந்து உட்காருகிறவருக்கு ஆறு மாதத்துக்குள் அந்த நொட்டுஸ்வரங்களில் ஒன்றையும், கூடவே ஒரே ஒரு கமகத்தையும் சொல்லிக்கொடுங்கள்.