‘ரன்’ என்னும் ஆங்கில வினையும் ஆங்கிலம்-தமிழ் அகராதிகள் பொருள் தரும் முறையும்

முன்னுரை

அருஞ்சொற்களுக்குப் பொருள் கூறுதல் அகராதியாளருக்கு எளிது. அன்றாடச் சொற்களுக்குப் பொருள் கூறுதலே அரிது. அருஞ்சொல் ஒன்றிரண்டு பொருளோடு அமைந்துவிடும். எளிய வினைச்சொல்லோ வழக்கில் புழங்கப் புழங்கக் கிளைத்துக்கொண்டே செல்லும். ஆங்கிலத்தின் ‘ரன்’ என்னும் வினை இதற்குத் தக்க சான்றாகும். ஓடுதல் என்னும் பொருளில் தொடக்க வகுப்பிலேயே கற்பிக்கப்படும் இச்சொல்லைத் தமிழில் பெயர்ப்பதற்கு ஆங்கிலம்-தமிழ் அகராதிகள் எவ்வளவு துணைபுரிகின்றன என்பதையும், அவற்றின் குறை எங்குள்ளது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

வினையின் விரிவு

சாமுவேல் ஜான்சன் தாம் 1755இல் வெளியிட்ட அகராதியின் முன்னுரையில், வரையறைக்குள் எளிதில் அகப்படாத வினைகள் சிலவற்றைத் தொகுத்துக் கூறுகிறார். கொடுத்தல், எடுத்தல், வைத்தல், செய்தல் முதலிய பொருளுடைய சொற்களோடு ‘ரன்’ என்பதும் அங்கு இடம்பெறுகிறது. 1989இல் வெளிவந்த ஆக்சுபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவைப் பெற்ற சொல் ‘செட்’ என்பதாகும். மூன்றாம் பதிப்பிற்கான திருத்தப் பணியில் அவ்விடத்தை ‘ரன்’ பெற்றது. இவ்வினைக்கு மட்டும் 645 பொருள்கள் வகுக்கப்பட்டமை 2011இல் வெளியாயிற்று. இப்பதிவைத் தொகுக்கப் பீட்டர் கிலிவர் என்னும் அகராதியாளர் ஒன்பது மாதம் உழைத்தார்.

இப்பெருக்கத்திற்குக் காரணங்கள் உள. இயந்திரம் பெருகியபோது கடிகாரம், தொடர்வண்டி, ஆலை, கணிப்பொறி ஆகிய யாவும் ‘ஓட’த் தொடங்கின. மேலும் ஆங்கிலத்தில் இவ்வினை வடிவம் மாறாமலே தன்வினையாகவும் பிறவினையாகவும் வரும். தமிழ் ‘ஓடு’, ‘ஓட்டு’ என வடிவத்தாலேயே இவ்வேறுபாட்டைக் காட்டுகிறது. ஆகவே மொழிபெயர்ப்பாளர் முதற்படியிலேயே இரண்டில் ஒன்றைத் தெரிந்தாக வேண்டும்.

ஓடுதலும் நடத்தலும்

தமிழ் ‘ஓடு’ என்பதும் குறுகிய பொருளுடையதன்று. ஆறு ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, திரைப்படம் நூறு நாள் ஓடுகிறது, வேர் ஓடுகிறது, பொழுது ஓடுகிறது. இவ்விடங்களில் இருமொழியும் பெரும்பாலும் ஒத்துச் செல்கின்றன. இவ்வொற்றுமையே பயில்வோரை மயக்குகிறது எனலாம். மூக்கிலிருந்து நீர் வடிதலை ஆங்கிலம் ‘ரன்’ என்கிறது. தமிழில் மூக்கு ஒழுகுகிறது. சாலை ஊரைச் சுற்றிச் செல்கிறது. காய்ச்சல் அடிக்கிறது. வீட்டில் அரிசி தீர்ந்துபோகிறது. நாளிதழ் செய்தியை வெளியிடுகிறது. தேர்தல் வேட்பாளர் அமெரிக்க வழக்கில் ‘ஓடுகிறார்’. பிரித்தானிய வழக்கிலும் தமிழிலும் அவர் நிற்கிறார்.

இவற்றுள் நிறுவனம் பற்றிய வழக்கு தனித்து நோக்கத்தக்கது. கடை, பள்ளி, இதழ் ஆகியவற்றை ஆங்கிலேயர் ‘ஓட்டு’கின்றனர், தமிழர் நடத்துகின்றனர். ‘நடத்து’ என்பது ‘நட’ என்பதன் பிறவினை. இது தமிழுக்கு மட்டும் உரிய வழக்கன்று. மலையாளத்தின் ‘நடத்துக’, கன்னடத்தின் ‘நடெசு’, தெலுங்கின் ‘நடுபு’ ஆகியவை அதே அடியினின்று பிறந்து அதே பொருளைத் தருகின்றன. இந்தியிலும் ஓடுதலைக் குறிக்கும் ‘தௌட்னா’ இங்கு வருவதில்லை. நடத்தல், செல்லல் என்னும் பொருளுடைய ‘சல்னா’ என்பதன் பிறவினையாகிய ‘சலானா’ என்பதே வருகிறது. எனவே இவ்விடத்தில் ஆங்கிலத்தை ஒட்டி ‘ஓட்டு’ எனப் பெயர்ப்பது இந்திய மொழிகளின் பொதுப்போக்கிற்கே மாறானதாகும்.

‘ஓட்டு’ என்பது இவ்விடத்தில் பொருளற்றதும் அன்று. வேறு பொருள் தருவது. ‘குடும்பத்தை நடத்துகிறார்’ என்பதற்கும் ‘குடும்பத்தை ஓட்டுகிறார்’ என்பதற்கும் உள்ள இடைவெளி தமிழறிந்தார் அறிவர். முன்னது பொறுப்பைக் குறிக்கும். பின்னது இருப்பதைக்கொண்டு எப்படியோ நாளைக் கடத்துதலைக் குறிக்கும். ‘கடை நடக்கிறது’ என்றால் அது மூடப்படவில்லை. ‘கடை ஓடுகிறது’ என்றால் வாணிகம் உண்டு. ஒருவர் நாற்பது ஆண்டுகள் பள்ளியொன்றை ‘ஓட்டினார்’ என்று பாராட்டுரையில் எழுதினால் பாராட்டே பழிப்பாகிவிடும்.

நிகண்டு மரபின் தாக்கம்

சென்னைப் பல்கலைக்கழகம் அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1960களில் வெளியிட்ட ஆங்கிலம்-தமிழ்ச் சொற்களஞ்சியம் தமிழ்க் கலைச்சொல்லாக்கத்திற்குப் பெருந்துணை புரிந்த நூலாகும். அந்நூலும் அதனையடுத்து வந்த கையடக்க அகராதிகளும் பெரும்பாலும் நிகர்ச்சொற்களை நிரல்பட அடுக்கும் முறையையே மேற்கொண்டன. ‘ரன்’ போன்ற வினைக்கு இம்முறையில் ஓடு, விரை, பாய், ஒழுகு, இயக்கு, நடத்து எனச் சொற்கள் தொடர்ந்து நிற்கும். எச்சொல் எவ்விடத்திற்கு உரியது என்பது பயன்படுத்துவோரின் முன்னறிவிற்கு விடப்படும்.

இவ்வடுக்கு முறை நிகண்டு மரபோடு ஒப்பிடத்தக்கது. திவாகரம் ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைத் தொகுதி தொகுதியாகத் தந்து, ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைத் தனித்தொகுதியில் தருகிறது. நிகண்டைக் கற்றவன் தமிழை முன்பே அறிந்தவன். யாப்பிற்கும் தொடைக்கும் ஏற்ற சொல்லைத் தேடியவன். அவனுக்கு அடுக்கு போதும். பிறமொழித் தொடர் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வருபவனுக்கு அது போதாது. தமிழகத்திற்கு வெளியே உள்ள பல்கலைக்கழகங்களில் ஆங்கிலத்தின் வழியே தமிழ் பயிலும் மாணவர்க்கு அது தடுமாற்றத்தையே தரும். அவர்கள் அடுக்கின் முதற்சொல்லை எடுத்துக்கொள்வதும், ‘மூக்கு ஓடுகிறது’ என எழுதுவதும் இதனால் விளைவனவாகும்.

பெயரால் வேறுபடும் வினை

இக்குறையைக் களைவதற்கான கருவி தமிழ் இலக்கண மரபிலேயே உள்ளது. தொல்காப்பியக் கிளவியாக்கம் பலபொருள் ஒருசொல்லை வினை வேறுபடுவது, வேறுபடாதது என இருவகைப்படுத்தி, முன்னதன் பொருள் வினை, இனம், சார்பு ஆகியவற்றால் தெளியப்படும் என்கிறது. ‘மா’ என்பது பூத்தது என்னும் வினையோடு வரின் மரம். ஓடியது என்னும் வினையோடு வரின் விலங்கு. அங்குப் பெயரின் பொருளை வினை தெளிவிக்கிறது. ஆங்கில எளிய வினைகளில் இந்நெறி தலைகீழாகச் செயற்படுகிறது. வினையின் பொருளை எழுவாயும் செயப்படுபொருளுமாகிய பெயர்கள் தெளிவிக்கின்றன.

ஆகவே பதிவையும் பெயர்வழிப் பகுத்தலே பொருந்தும். தன்வினையில் எழுவாய் விலங்கோ மாந்தரோ ஆயின் ஓடு; ஆறாயின் ஓடு, பாய்; மூக்காயின் ஒழுகு; சாலை, வேலி ஆயின் செல். பிறவினையில் செயப்படுபொருள் பொறியோ நிரலோ ஆயின் இயக்கு; கடை, பள்ளி ஆயின் நடத்து; செய்தி ஆயின் வெளியிடு. இவ்வாறு அமைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தொடரை எடுத்துக்காட்டாகத் தரின் ஐயம் பெரிதும் நீங்கும். 1992இல் முதற்பதிப்பாக வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, தமிழ்ச் சொற்களின் பொருள்களை எண்ணிட்டுப் பிரித்து எடுத்துக்காட்டுத் தொடர்களோடு விளக்கியது. ஆங்கிலத்தை முதலாகக் கொண்ட அகராதிகளுக்கும் அது முன்மாதிரியாகத் தக்கது.

இம்முறைக்கும் எல்லை உண்டு. ஒருவர் குதிரைகளை ‘ரன்’ செய்கிறார் என்னும் தொடரில் பெயர் தெளிவாக இருந்தும் ஓட்டுகிறாரா, பந்தயத்தில் விடுகிறாரா என்பது தெளிவில்லை. இது வினை வேறுபடாத பலபொருள் ஒருசொல்லை ஒத்த நிலை. அத்தகைய சொல்லைக் கூறுவோன் தான் கருதிய பொருளை வெளிப்படக் கூற வேண்டும் என்பதே தொல்காப்பிய நெறி. மொழிபெயர்ப்பாளர்க்கும் அதுவே கடன்.

முடிவுரை

பதிவுகள் நீளுமாயின் அகராதி பருத்துவிடும் என்னும் தடை எழலாம். எல்லாச் சொற்களுக்கும் இவ்விரிவு வேண்டியதில்லை. ஜான்சன் சுட்டிய எளிய வினைகள் ஏறத்தாழப் பதினைந்தே. அவற்றை மட்டும் பெயர்வழிப் பகுத்து எழுதினால் சில பக்கங்களே கூடும். பயிலும் மாணவரும் பெயர்ப்போரும் அடையும் பயனோ பெரிது. நிகர்ச்சொல் பலவற்றை அறிதல் சொல்வளம். அவற்றுள் ஒன்று மற்றொன்றின் இடத்தில் நில்லாது என்று அறிதலே சொல்லறிவு. அவ்வறிவைத் தருவதே இனிவரும் ஆங்கிலம்-தமிழ் அகராதிகளின் முதற்பணியாதல் வேண்டும்.