கைடாக் மறுபடைப்புகள்: எந்த ஆண்டின் நகரம்?

சிமுலேட்டருக்கான விமான நிலைய சீனரிகளை மதிப்பிடும் நம் வழக்கத்தில் ஒரு கோணல் நிலைத்துவிட்டது. முனையத்தின் கண்ணாடிக்குள் நாற்காலிகள் தெரிகின்றனவா, ஏரோபிரிட்ஜ் நகர்கிறதா, தரையில் எண்ணெய்க் கறை படிந்திருக்கிறதா என்று பார்த்து மதிப்பெண் போடுகிறோம். விற்பனைக்கு வரும் படங்களும் இவற்றையே முன்னிறுத்துகின்றன. நின்றுகொண்டிருக்கும் விமானத்துக்கு இந்தக் கேள்விகள் போதும். இறங்க வரும் விமானத்துக்கு இவற்றில் ஒன்றுகூட உதவாது. இந்த வேறுபாட்டைத் தப்பிக்க இடமின்றி நம்முன் வைக்கும் நிலையம், ஹாங்காங்கின் பழைய கைடாக். 1998 ஜூலை 6 அன்று செக் லாப் கோக்கில் புதிய நிலையம் திறக்க, இது மூடப்பட்டது. அன்று முதல் அதில் இறங்க சிமுலேட்டர் ஒன்றே வழி. ஆகவே கைடாக்கைப் படைப்பவரும் அதை மதிப்பிடுபவரும் அருகில் வைத்து ஒப்பிட அசல் இல்லாத பிரதியோடுதான் மல்லுக்கட்ட வேண்டும்.

ஓடுபாதை 13-க்கு வரும் பாதை வாசகர்கள் அறிந்ததுதான். ஆயினும் தீர்ப்புக்கு அளவுகள் வேண்டும். கருவிவழி வழிகாட்டல் விமானத்தை 088 பாகைத் திசையில் ஒரு குன்றை நோக்கி அழைத்துச் செல்லும். ஓடுபாதையோ 135 பாகையில் கிடக்கிறது. இடையிலுள்ள 47 பாகையை விமானி கண்ணால் பார்த்தே வலப்புறம் திருப்பியாக வேண்டும். திருப்பத்தில் நுழையும்போது உயரம் சுமார் 650 அடி. வெளிவரும்போது சுமார் 140 அடி. குன்றின் முகத்தில் ஆரஞ்சும் வெள்ளையுமாகக் கட்டங்கள். கவுலூன் வீடுகளின் கூரைமேல் வழிகாட்டும் விளக்குகள். அவற்றோடு குழம்பிவிடக் கூடாதென்று அந்தப் பகுதியின் நியான் பலகைகள் மினுக்கி அணைய அனுமதி இல்லை. நிலையத்தின் எல்லை வேலியோடு முடியவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். குடியிருப்பும் குன்றும் கடைப்பலகையும் சேர்ந்தே அங்கே கருவித் தொகுதியாக இயங்கின.

இதிலிருந்து முதல் அளவுகோல் பிறக்கிறது. கைடாக் சீனரியின் மையம் முனையம் ஆகாது, திருப்பமே மையம். 1962-இல் திறக்கப்பட்ட முனையக் கட்டடத்தை நுணுக்கமாக வடித்துவிட்டு, கவுலூனை சிமுலேட்டரின் பொதுக் கட்டடங்களிடம் விட்டுவிட்ட படைப்பு, தேரை அழகாகச் செதுக்கிவிட்டு அது திரும்ப வேண்டிய தெருமுனையை மறந்ததற்குச் சமம். கூரைகளின் உயரம் பொய்யானால் விமானியின் உயர உணர்வும் பொய்யாகும். கட்டங்களின் அளவு பொய்யானால் திருப்பத்தைத் தொடங்கும் கணம் தவறும். கட்டடங்கள் அழகாக இருக்க வேண்டும் என்று இங்கே யாரும் கேட்கவில்லை. சரியான உயரத்தில், சரியான இடத்தில், சரியான நெருக்கத்தில் இருக்க வேண்டும் என்பதே கோரிக்கை.

எஃப்எஸ் 2004, எஃப்எஸ்எக்ஸ் தலைமுறைக்கு ஃப்ளைடாம்பா வெளியிட்ட கைடாக்கை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். அதன் பெரிய தகுதி, கவுலூனை நிலையத்தின் உறுப்பாக ஏற்றுக்கொண்டது. நகரம் பின்புலமாக வரவில்லை. வேலையின் பாதி அதுவே. அக்காலத்து சிமுலேட்டர் 32 பிட் நிரல். 4 ஜிபி நினைவக எல்லைக்குள் எல்லாவற்றையும் அடக்கியாக வேண்டும். அந்த நெருக்கடி ஒரு நல்ல ஒழுக்கத்தைக் கற்றுத் தந்தது. கட்டடம் என்றால் பெட்டி. பெட்டிமேல் புகைப்பட டெக்ஸ்சர். ஒரே டெக்ஸ்சர் தாளைப் பல கட்டடங்கள் பகிர்ந்துகொள்ளும். அருகில் போய்ப் பார்த்தால் ஏமாற்றம்தான். 140 முடிச்சு வேகத்தில், இறக்கை சாய்ந்த நிலையில், யாரும் அருகில் போய்ப் பார்ப்பதில்லை. சிக்கனத்தை எங்கே செய்வது என்ற தெரிவே இங்கு கலை.

குறைகளும் அதே தளத்திலிருந்து வருகின்றன. நிழல்கள் டெக்ஸ்சரிலேயே தீட்டப்படும் முறை அது. சூரியன் நகரும், நிழல் நகராது. இரவு என்பது பகல் டெக்ஸ்சருக்கு மாற்றாக ஒட்டப்படும் இன்னொரு டெக்ஸ்சர். ஆகவே சாளர வெளிச்சம் எதன்மீதும் விழுவதில்லை. இவற்றைப் படைப்பாளியின் கணக்கில் எழுதுவது அநீதி. ஒரு நியாயமான திறனாய்வு, தளம் தராததையும் படைப்பாளி செய்யாததையும் பிரித்துப் பார்க்கும்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். எஃப்எஸ்எக்ஸ் விமான நிலையத்தின் தரை முழுவதையும் ஒரே உயரத்தில் தட்டையாக்கிவிடும். நேபாளத்தின் லுக்லாவில் இது உயிர்க்குறை. 527 மீட்டர் நீள ஓடுபாதையின் இரு முனைகளுக்கும் ஏறத்தாழ 60 மீட்டர் உயர வேறுபாடு கொண்ட அந்த நிலையத்தை, சரிவான தளம் ஒன்றை மாடலாகச் செய்து தரைமேல் பொருத்தும் உபாயத்தால்தான் அந்நாளில் உருவாக்க முடிந்தது. கைடாக்கின் 3,390 மீட்டர் ஓடுபாதை கடலைத் தூர்த்து நீட்டிய திட்டில் கிடப்பது, இயல்பிலேயே மட்டமானது. தளத்தின் மிகப்பெரிய பலவீனம் இங்கே வெளிப்பட வாய்ப்பே இல்லை. அத்தலைமுறையின் சிறந்த சீனரிகளுள் கைடாக் எண்ணப்படுவதில் திறமையோடு இந்த நல்வாய்ப்புக்கும் பங்குண்டு. புகழும்போது இதையும் கணக்கில் சேர்ப்பதே நேர்மை.

இன்னொரு தளக்குறை கொஞ்சம் வேடிக்கையானது. அக்கால சிமுலேட்டரின் ஏஐ விமானங்கள் ஓடுபாதைக்கு நேர்கோட்டில் வருவதையே இயல்பாக அறிந்திருந்தன. கைடாக்கின் 13-க்கு நேர்கோடு என்றால் மலை ஊடாக. நீங்கள் வியர்க்க வியர்க்கத் திருப்பிக்கொண்டிருக்கும்போது, உங்களுக்கு முன்னால் போகும் ஜம்போ ஒன்று பாறையிலிருந்து அமைதியாக வெளிப்பட்டு இறங்கும். பின்னாளில் ஆர்வலர்கள் இறங்குமுறைத் தரவைத் திருத்தி எழுதி, ஏஐ விமானங்களையும் வளைய வைத்தார்கள். படங்களில் துளியும் தெரியாத உழைப்பு இது. என் மதிப்பீட்டில் பத்து நுணுக்கமான ஏரோபிரிட்ஜ்களைவிட மேலானது.

இரண்டாவது அளவுகோலுக்கு வருகிறேன். பலரும் கேட்காத கேள்வி அது: இது எந்த ஆண்டின் கைடாக்? இயங்கும் நிலையத்துக்கு இந்தக் கேள்வி எழுவதில்லை. இன்று என்பதே பதில். மறைந்த நிலையத்துக்கு ஓர் ஆண்டைத் தேர்ந்தே ஆக வேண்டும். இறங்கும் பாதைக்கு அருகிலிருந்த கவுலூன் மதில்நகரம் 1993, 94-இல் இடிக்கப்பட்டது. 1995 இறுதியில் அங்கே பூங்கா திறந்தது. சிங் மா பாலத்தில் வண்டிகள் ஓடியது 1997 மே முதல்தான். மதில்நகரத்தின் அடுக்குகளும் வண்டி ஓடும் சிங் மா பாலமும் ஒரே சீனரியில் இருந்தால், அப்படியொரு ஹாங்காங் எந்நாளும் இருந்ததில்லை. இது அற்பக் குற்றச்சாட்டு என்று சிலர் சொல்லலாம். முனையத்துப் பெயர்ப்பலகையின் எழுத்துருவைக்கூடப் பழைய புகைப்படத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் ரசனை, ஓர் ஊரின் காலத்தைக் கலந்தடித்தால் மட்டும் பொறுத்துக்கொள்வது ஏன்?

இந்தக் கேள்வி எம்எஸ்எஃப்எஸ் 2020-க்குப் பிறகு மிகக் கடுமையாகிறது. செயற்கைக்கோள் படமும் அதிலிருந்து தானாக எழுப்பப்படும் கட்டடங்களும் அடித்தளமாக உள்ள உலகம் அது. இன்றைய உலகம். பழைய ஓடுபாதைத் திட்டின் முனையில் 2013-இல் திறந்த கப்பல் முனையம் நிற்கிறது. பழைய நிலையத்தின் நிலத்தில் குடியிருப்புகளும் 2025-இல் திறந்த பெரிய விளையாட்டரங்கமும் எழுந்துவிட்டன. எஃப்எஸ்எக்ஸ் படைப்பாளி வெற்றுத் தரையில் கட்டினார். இன்றைய படைப்பாளி கட்டுவதற்குமுன் இடிக்க வேண்டும்: விலக்கு எல்லைகளை வரைந்து கட்டடங்களை நீக்கி, தரைப்படத்தை மாற்றி, கரையோரத்தைத் திருத்த வேண்டும்.

எதுவரை இடிப்பது என்பதில்தான் படைப்புகள் பிரிகின்றன. நிலையத்தின் வேலிவரை இடித்து நிறுத்துவது எளிது. பொதுவான பழக்கமும் அதுதான். விளைவு என்ன? நிலையம் மூடியபின் கவுலூனின் உயரக் கட்டுப்பாடு தளர்ந்து, கோபுரங்கள் எழுந்தன. 2010-இல் முடிந்த 484 மீட்டர் ஐசிசி கோபுரம், 088 பாகையில் வரும் விமானியின் வலப்பக்கச் சன்னலில் நிற்கும். அதன் கீழே 1998-இன் ஓடுபாதை கிடக்கும். அப்படிச் செய்த சீனரியில் ஒளி அற்புதமாக இருக்கும், ஈரத் தரையில் விளக்குகள் பிரதிபலிக்கும், மலையைத் தாண்டி வரும் காற்று விமானத்தை நம்பும்படி உலுக்கும். ஆனால் கைடாக்கை கைடாக் ஆக்கிய தாழ்ந்த, நெருங்கிய, ஒரே மட்டமான கூரைக் கடல் இருக்காது. பொருள்களின் மெய்மை கூடி, இடத்தின் மெய்மை குறைந்த நிலை இது.

இந்த வாதத்துக்கு ஒரு மறுப்புண்டு, வலுவானதும்கூட. முழு நகரத்தையும் கால் நூற்றாண்டு பின்னுக்குத் தள்ளுவது ஒரு சிறு குழுவின் ஆற்றலுக்கு மீறிய வேலை; அதைக் கேட்டால் கைடாக் சீனரியே வராது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் கேட்பது முழு நகரத்தை அல்ல. இறங்கும் பாதையிலிருந்து கண்ணுக்குப் படும் ஒரு பட்டையை மட்டும்: மேற்கிலிருந்து குன்றுவரை, குன்றிலிருந்து ஓடுபாதை முனைவரை. முனையத்தின் உள்ளறைக்குச் செலவாகும் பாலிகன்களையும் உழைப்பு நேரத்தையும் அந்தப் பட்டைக்கு மாற்றினால் வேலை கைக்குள் அடங்கும். ஒரு 747-இல் இறங்க வருபவர் காணப்போகாத சுங்கச் சோதனை மேசையை விட்டுக்கொடுக்க மனமில்லாததுதான் உண்மையான தடை.

எக்ஸ்-பிளேன் வழியைச் சுருக்கமாகத் தொட்டுவிடலாம். அதன் சீனரி கேட்வே, வேர்ல்ட்எடிட்டரில் செய்த நிலையங்களைத் தன்னார்வலர்களிடமிருந்து பெற்று, மூல சிமுலேட்டரிலேயே சேர்க்கிறது. நிபந்தனை ஒன்று: சிமுலேட்டரோடு வரும் பொது நூலகத்துப் பொருள்களை மட்டுமே பயன்படுத்தலாம். இந்த நிபந்தனையால் ஆயிரக்கணக்கான நிலையங்கள் ஒரே ஒழுங்கில் கிடைக்கின்றன. டாக்சிவே கோடுகளும் விளக்குகளும் பலகைகளும் பல சமயம் விலைகொடுத்து வாங்கியவற்றைவிடப் பிசகின்றி இருக்கின்றன. அதே நிபந்தனையால் முனையங்கள் ஒன்றுக்கொன்று உடன்பிறப்புகளாகத் தெரிகின்றன. இயங்கும் சிறு நிலையங்களுக்கு இதைவிட நல்ல முறை இல்லை. நூலகத்தில் கைடாக்கின் கட்டக் குன்று இருக்க நியாயமில்லை என்பதால், நம் வழக்குக்கு இது உதவாது.

பழைய நினைவின் மீதுள்ள பாசம் அளவுகோலைத் தளர்த்திவிடுவதையும் குறிப்பிட வேண்டும். சிகாகோவின் மெய்க்ஸ் ஃபீல்டு 2003-இல் இரவோடிரவாகத் தோண்டப்பட்டு, எஃப்எஸ்எக்ஸில் இடம்பெறாமல் போனபோது, ஆர்வலர்கள் அதைத் திரும்பக் கட்டினார்கள். எந்தத் தரத்தில் கட்டினாலும் வரவேற்பு கிடைத்தது. புரிந்துகொள்ளத்தக்க வரவேற்புதான். ஆனால் மெய்க்ஸ் ஓர் ஏரிக்கரை, ஓர் ஓடுபாதை, ஒரு சிறு கட்டடம். அந்தத் தாராளத்தை கைடாக்குக்கு நீட்டினால், பெயரை மட்டும் தாங்கிய பொருள்களே மிஞ்சும்.

மூன்றாவதாக, கண்ணுக்குத் தெரியாத பகுதி. வழிசெலுத்தல் தரவு 28 நாளுக்கொருமுறை புதுப்பிக்கப்படுகிறது. இன்றைய தரவுக்கு கைடாக் தெரியாது. வி.எச்.எச்.எச் என்ற குறியீடே செக் லாப் கோக்குக்குப் போய்விட்டது. சிமுலேட்டரில் கைடாக் வி.எச்.எச்.எக்ஸ் என்ற பெயரில் வாழ்கிறது. வழிகாட்டு அலைவரிசையையும் அதன் 088 பாகையையும் சீனரியே கொண்டுவர வேண்டும். இவற்றைச் சோதிக்காமல் வெளியிட்ட கைடாக், எவ்வளவு அழகானதாயினும், அரைகுறை.

தீர்ப்பு இது. தனித்தனிப் பொருள்களின் செய்நேர்த்தியில் புதிய தலைமுறை பழையதை வெகுதூரம் கடந்துவிட்டது, அதில் விவாதமில்லை. படைப்பின் ஒருமையில் எஃப்எஸ்எக்ஸ் காலக் கைடாக்கே இன்னும் முன்னிற்கிறது. நகரத்தையும் நிலையத்தையும் ஒரே பொருளாகக் கருதிய முறை அதனுடையது. எம்எஸ்எஃப்எஸ் படைப்புகளுள் இறங்கும் பட்டையின் கட்டடங்களையும் பின்னோக்கித் திருத்தியவை அதற்கு நிகராக நிற்கும். வேலியோடு நின்றவற்றை நல்ல முனைய மாடல்கள் என்று மட்டுமே பதிவு செய்யலாம். ஆண்டை வெளிப்படையாக அறிவித்து அதற்குக் கட்டுப்பட்ட படைப்புக்கு, மற்றவை சமமாக இருந்தால், என் வாக்கு.

ஒரு துணைச் சோதனையையும் பரிந்துரைக்கிறேன்; வருகையில் மயங்கி எல்லோரும் இதை விட்டுவிடுகிறார்கள். எதிர்முனையில் நின்று ஓடுபாதை 31-இலிருந்து, எரிபொருள் நிறைத்த கனமான விமானத்தோடு கிளம்பிப் பாருங்கள். நேர் எதிரே மலைத்தொடர். கிளம்பிய சற்று நேரத்தில் இடப்புறம் ஏறத்தாழ 65 பாகை திரும்பியாக வேண்டும். நிலவடிவத் தரவு கரடுமுரடாக இருந்தால் மலை மழுங்கிப்போய், திரும்ப வேண்டிய அவசரமே எழாது. நான் பார்த்தவரை, வருகையில் நல்ல மதிப்பெண் பெற்ற சில சீனரிகள் இந்தப் புறப்பாட்டில் தோற்றிருக்கின்றன.