நீலத் திரைக்கு ஒரு மதிப்புரை

நூல்களுக்கு மதிப்புரை எழுதுகிறோம். நாடகங்களுக்கும் திரைப்படங்களுக்கும் எழுதுகிறோம். உலகெங்கும் எண்ணற்ற மக்கள், அதுவும் மனம் பதறிய நேரத்தில், படிக்க நேரும் ஓர் அறிவிப்புக்கு மட்டும் மதிப்புரை எழுதுவாரைக் காணோம். விண்டோஸ் இயங்கும் மடிக்கணிப்பொறிகளில் திடீரென்று தோன்றும் நீலத் திரையைத்தான் குறிப்பிடுகிறேன். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே திரை முழுவதும் நீலமாகிறது. சில ஆங்கில வரிகள் தோன்றுகின்றன. அவற்றைப் படித்து முடிக்குமுன் பொறி தானே அணைந்து மீண்டும் புறப்படுகிறது. ஒரு முறை வந்தால் பொறுத்துக்கொள்ளலாம். வாரத்துக்கு இரண்டு முறை, பிறகு நாள்தோறும் என்று வரத் தொடங்கினால் அப்பொறியை நம்பி எந்த வேலையையும் செய்ய முடியாது.

ஒரு பழுது அறிவிப்பை எந்த அளவுகோலால் அளப்பது? அழகால் அன்று, நயமான சொற்களாலும் அன்று. பழுது நேர்ந்தவரை அடுத்த சரியான படிக்கு அது அழைத்துச் செல்கிறதா என்பதே அளவுகோல். இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நீலத் திரையைப் பார்ப்போம்.

பொறி ஏன் நிற்கிறது?

முதலில் ஒரு தவறான எண்ணத்தை அகற்றிவிட வேண்டும். நீலத் திரைதான் நோய் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது காவல் ஏற்பாடு.

கணிப்பொறியின் செயலியில் நிரல்கள் இரு நிலைகளில் ஓடுகின்றன. நாம் பயன்படுத்தும் எழுதுநிரல், படம் காட்டும் நிரல் போன்றவை கட்டுப்பாடுள்ள நிலையில் ஓடுகின்றன. அவற்றுள் ஒன்று தனக்கு உரிமையில்லாத நினைவகப் பகுதியைத் தொட்டால், அந்த நிரல் மட்டும் மூடப்படும், மற்றவை தொடரும். ஆனால் கெர்னல் எனப்படும் கருநிரலும், வன்பொருள்களை இயக்கும் டிரைவர்களிற் பெரும்பாலானவையும் முழு உரிமையுள்ள நிலையில் ஓடுகின்றன. அங்கே பிழை நேர்ந்தால் தடுக்க மேலே யாரும் இல்லை. தொடர்ந்து ஓடவிட்டால் தவறான எண்கள் வட்டில் எழுதப்பட்டு, நம் கோப்புகள் சிதைந்துபோகலாம். ஆகவே, பிழை தெரிந்த அக்கணமே விண்டோஸ் தன்னைத் தானே நிறுத்திக்கொள்கிறது. நிற்பதற்கு முன் அந்த நேரத்து நிலவரத்தை ஒரு கோப்பில் பதிவு செய்துவைக்கிறது.

வீட்டு மின்சுற்றில் ப்யூஸ் கம்பி உருகுவதும் இத்தகையதே. ப்யூஸ் போனால் கம்பியைக் குறை சொல்வதில் பயனில்லை. எங்கே மின்னோட்டம் மிகுந்தது என்று தேட வேண்டும். ஆகவே, நின்றது என்பதற்காக நீலத் திரையைக் குறை கூற மாட்டேன். நின்ற பின் அது என்ன சொல்கிறது என்பதில்தான் குறை இருக்கிறது.

மூன்று பதிப்புகள்

1993-இல் வெளிவந்த விண்டோஸ் என்.டி.யின் நீலத் திரையை எழுதியவர் மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ஜான் வெர்ட். அதில் நிறுத்தக் குறியீடும், அதனுடன் நான்கு எண்களும், அப்போது நினைவகத்தில் ஏற்றப்பட்டிருந்த டிரைவர்களின் பட்டியலும் இருந்தன. எழுதியவர் பொறியாளர், படிப்பவரும் பொறியாளராகவே இருப்பார் என்று கருதி எழுதப்பட்ட அறிவிப்பு அது. சாதாரண மனிதருக்கு ஒன்றும் விளங்காது. ஆயினும், விளங்காவிட்டாலும் காகிதத்தில் எழுதிக்கொண்டு விளங்கியவரிடம் கொண்டுபோய்க் காட்டலாம். சாட்சி சொன்ன மொழி கடினம், சொன்னது முழுமை.

1998 ஏப்ரல் 20 அன்று சிகாகோ நகரில் நடந்த கணிப்பொறிக் கண்காட்சியில், பில் கேட்ஸ் மேடையில் இருக்க, அவருடைய உதவியாளர் கிறிஸ் கபோசெலா விண்டோஸ் 98 பொறியுடன் ஒரு ஸ்கேனரை இணைத்தார். உடனே நீலத் திரை தோன்றியது, அரங்கம் சிரித்தது. விண்டோஸ் 98 என்.டி. குடும்பத்தைச் சேர்ந்ததன்று, எனினும் அந்நிகழ்ச்சி ஒரு பாடத்தைக் காட்டுகிறது. புதிய சாதனம் ஒன்று சேரும்போது அதன் டிரைவரும் உள்ளே நுழைகிறது. ஆகவே பழுது நேர்ந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அண்மையில் புதிதாகச் சேர்ந்தது எது என்பதே. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் ஸ்விஃப்ட் முதலியோர் 2003-இல் வெளியிட்ட ஆய்வுரையில், விண்டோஸ் எக்ஸ்.பி.யில் அப்போது பதிவான பழுதுகளில் 85 சதவீதத்துக்கு டிரைவர்களே காரணம் என்று குறித்தனர்.

2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது திரை அடியோடு மாற்றி எழுதப்பட்டது. எண்கள் மறைந்தன. ஒரு முக்காற்புள்ளியும் அடைப்புக்குறியும் சேர்ந்த சோக முகம் பெரிதாகத் தோன்றியது. பொறிக்குச் சிக்கல் நேர்ந்தது, மீண்டும் புறப்படப்போகிறது என்னும் பொதுவான வாசகம் வந்தது. நிறுத்தக் குறியீட்டின் பெயர் கீழே பொடி எழுத்தில் ஒதுங்கியது. பழுது செய்த டிரைவரின் பெயர் சில வேளைகளில் மட்டும் வந்தது. 2016-இல் செல்பேசியால் படிக்கும் கியூ.ஆர். கட்டம் ஒன்றும் சேர்ந்தது. அதுவும் எல்லாருக்கும் பொதுவான உதவிப் பக்கத்துக்கே கொண்டுபோய் விட்டது.

இப்பதிப்பைத்தான் நான் கடுமையாகக் குறை கூறுவேன். நினைவகம் கெட்டாலும் அதே முகம். வட்டு சாகும் நிலையில் இருந்தாலும் அதே முகம். வருத்தம் தெரிவிப்பதில் தவறில்லை. ஆனால் மருத்துவர் காய்ச்சல் அளவைச் சொல்லாமல் முகத்தை மட்டும் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றால் நோயாளிக்கு என்ன பயன்? பாமரர் பயப்படக் கூடாது என்று எண்ணி விவரத்தைக் குறைத்தார்கள். அதனால் பாமரருக்கு உதவ வந்தவரின் கையும் கட்டப்பட்டது.

2025-இல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 11-இன் திரையை மறுபடி மாற்றியது. நீலம் கருப்பாயிற்று, சோக முகமும் கியூ.ஆர். கட்டமும் நீங்கின, நிறுத்தக் குறியீடும், தெரிந்தால் டிரைவரின் பெயரும் தெளிவாக இடம்பெற்றன. இது நல்ல திருத்தம். ஆனால் பொறி விரைவாக மீண்டெழ வேண்டும் என்பதும் அம்மாற்றத்தின் நோக்கம். நல்ல வாசகத்தை எழுதிவிட்டு, படிக்க நேரம் தராமல் மறைத்தால் பாதிப் பயன் போய்விடும். மேலும், திரையின் மற்ற வாசகங்கள் எந்த மொழியில் வந்தாலும் குறியீட்டின் பெயர் மட்டும் ஆங்கிலமாகவே நிற்கிறது. தமிழ் வழியில் பயின்ற மாணவர் அங்கேதான் தயங்குகிறார்.

ஒரு மாணவரின் பொறி

எங்கள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பௌதிகம் பயிலும் மாணவர் ஒருவரின் மடிக்கணிப்பொறி இவ்வாறு அடிக்கடி நின்றது. பழுது பார்க்கும் கடையில் வட்டை அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றிக் கொடுத்தார்கள். ஐந்து நாள் நன்றாக ஓடியது. பிறகு பழைய கதை. மறுபடியும் அதே கடை, அதே சிகிச்சை, அதே கட்டணம். இரண்டாம் முறை அழித்ததில் அவர் ஊசல் சோதனைகளில் மூன்று மாதம் சேர்த்த அளவீடுகளும் போயின.

மூன்றாம் முறை கடைக்குப் போகுமுன் பொறியை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவரச் சொன்னேன். விண்டோஸ் கோப்புறைக்குள் மினிடம்ப் என்னும் உட்கோப்புறை உண்டு. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் எழுதிய சிறு பதிவுகள் அங்கே இருக்கும். அதில் ஐந்து பதிவுகள் இருந்தன. குறியீடுகளை ஒரு தாளில் வரிசையாக எழுதினோம்: 1ஏ, 50, 0ஏ, மறுபடி 1ஏ, பிறகு 3பி. இவை பதினாறை அடியாகக் கொண்ட எண்கள். ஆகையால் எழுத்துகளும் கலந்து வரும். குற்றம் சாட்டப்பட்ட டிரைவரோ ஒவ்வொரு முறையும் வேறு.

இந்தப் பட்டியலே பாதி விடை. ஒரே டிரைவர் திரும்பத் திரும்ப வந்தால் அதையே ஐயுற வேண்டும். தொடர்பில்லாத பலர் மாறி மாறிக் குற்றவாளியாகத் தோன்றினால், அவர்கள் அனைவரும் நிற்கும் தரையை, அதாவது நினைவகத்தை, ஐயுற வேண்டும். அப்பொறியில் இரண்டு நினைவகப் பலகைகள் இருந்தன. நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் நிரலை ஓர் இரவு முழுவதும் ஓட்டினோம், பிழைகள் வந்தன. ஒரு பலகையைக் கழற்றி மற்றதை மட்டும் சோதித்தோம். பிறகு மாற்றிச் சோதித்தோம். ஒன்றில் மட்டும், அதுவும் அதன் ஒரு பகுதியில் மட்டும், பிழை இருந்தது. பொறியில் வேலை குறைவாக இருக்கும்போது அப்பகுதி தொடப்படுவது அரிது. புதிதாக ஏற்றிய விண்டோஸ் சில நாள் நன்றாக ஓடியது போலத் தோன்றியதற்கு இதுவே காரணம் எனலாம். பலகையை மாற்றிய பின் பொறி நிற்கவில்லை.

பழுது கடையினரைத் திறமையற்றவர்கள் என்று சொல்ல மாட்டேன். ஒரு நாளில் பத்துப் பொறிகளைப் பார்ப்பவர்களுக்கு அழித்து ஏற்றுவது எளிது. ஆனால் அச்செயல் நோயை விட்டுவிட்டுச் சாட்சியை அழிக்கிறது. விண்டோஸின் சொந்தக் கோப்புகள் சிதைந்திருந்தால் அது மருந்து. வன்பொருள் கெட்டிருந்தால் வீண் செலவு.

விண்கதிர் மேல் பழி போடலாமா?

பௌதிகம் படித்தவர்கள் சிலர், நினைவகப் பிழை என்றதும் விண்வெளிக் கதிர்களைக் காரணம் காட்டுவதுண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. 1970-களின் இறுதியில் இன்டெல் நிறுவனத்தின் திமோதி மே, முர்ரே வுட்ஸ் இருவரும், சில்லுகளின் மேலுறைப் பொருளில் மிகச் சிறிதளவு கலந்திருந்த யுரேனியம், தோரியம் ஆகியவற்றிலிருந்து வெளிப்படும் ஆல்பாத் துகள்கள் நினைவகத்தில் சேமித்த 1-ஐ 0-ஆக மாற்றக்கூடும் என்று காட்டினர். ஆனால் இத்தகைய பிழை எங்கேனும் ஓரிடத்தில், எப்போதேனும் ஒரு முறை நேர்வது. கூகிள் நிறுவனத்தின் பொறிகளை ஆராய்ந்து 2009-இல் வெளியான ஆய்வு, ஓர் ஆண்டில் 8 சதவீதத்துக்கும் மேற்பட்ட நினைவகப் பலகைகளில் பிழை நேர்ந்தது என்றும், தற்செயல் பிழைகளைவிட நிலையான வன்பொருள் குறைகளே மிகுதியாகத் தோன்றுகின்றன என்றும் கண்டது. திரும்பத் திரும்ப வரும் பழுதுக்கு விண்கதிரைக் காரணம் சொல்வது தேடலை நிறுத்துவதற்கான சாக்கு.

பெரிய சோதனை

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு புதுப்பிப்புக் கோப்பால், மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி, ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் பொறிகள் நீலத் திரையுடன் நின்றன. விமானங்கள் தடைபட்டன, நம் நாட்டு விமான நிலையங்களிலும் பயணிகளுக்குக் கையால் எழுதிய சீட்டுகள் கொடுக்கப்பட்டன. காரணமோ மிகச் சிறியது. 21 மதிப்புகளை எதிர்பார்த்த நிரலுக்கு 20 மட்டுமே கொடுக்கப்பட்டன. இல்லாத 21-ஆவதைப் படிக்கப்போன கெர்னல் நிரல் தவறான இடத்தைத் தொட்டது. பொறி மீண்டும் புறப்படும், மீண்டும் அதே நிரல் ஏறும், மீண்டும் நிற்கும்.

அன்று பல திரைகளில் அந்நிறுவனத்தின் டிரைவர் பெயர் தெளிவாக இருந்தது. எங்கே பார்க்க வேண்டும் என்று அந்த ஒரு வரி சொன்னது. பாதுகாப்பு நிலை எனப்படும் சேஃப் மோடில் பொறியை எழுப்பி, குறிப்பிட்ட கோப்பை நீக்குவதே மருந்தாயிற்று. நல்ல சாட்சியம் எவ்வளவு உழைப்பை மிச்சப்படுத்தும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

வாசகர் செய்யத்தக்கவை

அடிக்கடி நிற்கும் பொறி கையில் இருந்தால், முதலில் முக்கியமான கோப்புகளுக்கு வேறிடத்தில் நகல் எடுங்கள். பிறகு, பழுது நேர்ந்ததும் தானே மீண்டும் புறப்படும் ஏற்பாட்டை விண்டோஸ் அமைப்புகளில் நீக்கிவிட்டால் திரை நிலைத்து நிற்கும். ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், குறியீடு, அப்போது செய்த வேலை ஆகிய நான்கையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள்.

சில குறியீடுகளைத் தெரிந்துவைப்பது நல்லது. 124 வன்பொருளே புகார் செய்ததைக் குறிக்கும். 7ஏ வட்டிலிருந்து தகவலைப் படிக்க இயலாததைக் குறிக்கும். இதில் தாமதம் கூடாது. 116 படம் காட்டும் பகுதியையும் அதன் டிரைவரையும் சுட்டும். 1ஏ நினைவகத்தைச் சுட்டும். டிரைவர் பிழையாலும் அது வரலாம். ஆகவே ஒரே ஒரு குறியீட்டைக் கொண்டு தீர்ப்பு வழங்கக் கூடாது.

மாற்றம் செய்வதாயின் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். டிரைவரையும் மாற்றி, நினைவகத்தையும் மாற்றி, விண்டோஸையும் புதிதாக ஏற்றினால், பொறி சரியானாலும் எதனால் சரியாயிற்று என்பது தெரியாது. ஊசலின் நீளத்தையும் குண்டின் எடையையும் ஒருங்கே மாற்றிவிட்டு அலைவு நேரத்துக்கு விதி காண முடியுமா? இன்று பல மடிக்கணிப்பொறிகளில் நினைவகத்தைப் பலகையோடு சேர்த்துப் பற்றவைத்துவிடுகிறார்கள். அவற்றில் கழற்றிச் சோதிக்க வழியில்லை. அங்கே இந்தப் பதிவுகள் இன்னும் மதிப்புடையவை. கடைக்குக் கொண்டுபோகும் நிலை வந்தால், மினிடம்ப் கோப்புகளின் நகலையும் நோட்டுப் புத்தகத்தையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். அழித்து ஏற்றுமுன் அவற்றைப் பார்க்கும்படி பணிவாகக் கேளுங்கள்.

முடிவாக என் மதிப்பீடு இது. நிற்பதில் நீலத் திரை தன் கடமையைச் செய்கிறது. சொல்வதில் 1993-ஆம் ஆண்டுப் பதிப்பு கடினமானது, 2012-ஆம் ஆண்டுப் பதிப்பு வெறுமையானது, 2025-ஆம் ஆண்டுப் பதிப்பு அவசரமானது. அடுத்த பதிப்பு குறியீட்டின் பெயருக்குக் கீழே அதன் பொருளை இரண்டு வரியில், படிப்பவரின் மொழியில் சொல்லி, அவர் ஒரு பொத்தானை அழுத்தும் வரை காத்திருக்கட்டும். அதற்கு அரிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. படிப்பவரும் சிந்திக்கக்கூடியவர் என்னும் மதிப்பு இருந்தால் போதும்.