கூட்டல் கணக்கும் பள்ளிக் கட்டணமும்
பஷீரின் ‘பால்யகால சகி’யை முன்வைத்து

வைக்கம் முகம்மது பஷீரின் ‘பால்யகால சகி’ 1944இல் மலையாளத்தில் வெளிவந்தது. குளச்சல் மு. யூசுஃபின் மொழிபெயர்ப்பு வழியாகத் தமிழ் வாசகரும் அதை நெருக்கமாக அறிவர். அளவில் சிறிய இந்நாவலை நம்மில் பெரும்பாலோர் நிறைவேறாத காதலொன்றின் கதையாகவே படித்துவந்துள்ளோம். மஜீதும் சுகறாவும் சேர முடியாமற் போனது தக்தீர் என்று கண்ணீர் உகுத்து நூலை மூடிவிடுகிறோம். அந்தக் கண்ணீர் பொய்யானதன்று. ஆனால் அது நமக்கு வசதியான கண்ணீர். யாரும் எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்ற ஆறுதலை அது தந்துவிடுகிறது. நாவலோ அந்த ஆறுதலைத் தரவில்லை.

நாவலில் எல்லோர் நினைவிலும் நிற்கும் இடம் வகுப்பறைக் காட்சி. ஒன்றும் ஒன்றும் எத்தனை என்று ஆசிரியர் கேட்கிறார். சற்றுப் பெரிய ஒன்று என்கிறான் மஜீத். இரண்டு ஆறுகள் கூடி அகன்ற ஓர் ஆறாக ஓடுவதைக் கண்டவன் அவன். கண்டதைச் சொன்னான், அடி வாங்கினான். திருத்துறைப்பூண்டிக் கடைமடையில் இருந்து படிப்பவருக்கு இவ்விடம் வேறொன்றையும் உணர்த்தும். நீடாமங்கலத்தருகே மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. பிரிந்த ஆறுகள் மேலும் கிளைத்து, கடலை நெருங்க நெருங்க மெலிகின்றன. நம் பிள்ளைகள் கண்ணால் காணும் கணக்கு கூட்டலன்று, வகுத்தல். மஜீத், சுகறா ஆகிய இருவரின் வாழ்வும் இந்த இரண்டாம் கணக்கின்படியே நடந்து முடிகிறது.

கணக்கில் கெட்டிக்காரி சுகறா. மஜீத் அவளைப் பார்த்து எழுதித் தப்பிப்பவன். இதனைப் பஷீர் வேடிக்கையாகச் சொல்லிச் செல்வதால் நாமும் சிரித்துக் கடந்துவிடுகிறோம். மாம்பழத்துக்காக நடக்கும் சண்டை, சுகறாவின் கூரிய நகங்கள், மஜீத் அவற்றை வெட்டிவிடும் தந்திரம், அவன் கட்டப்போவதாகப் பீற்றிக்கொள்ளும் பொன்மாளிகை ஆகியவற்றுக்கிடையே இது ஒரு சிறு செய்திதான். ஆயினும் நாவலின் அச்சாணி இதுவே. படிக்கத் தகுந்தவள் யார் என்பதை ஆசிரியர் தொடக்கத்திலேயே நமக்குக் காட்டிவைத்துவிடுகிறார்.

அடுத்து இரு சடங்குகள் வருகின்றன. மஜீதின் சுன்னத் விருந்தும் ஆரவாரமுமாக நடந்தேறுகிறது. சுகறாவின் காதுகுத்து ஏழை வீட்டுக்குள் அடங்கிவிடுகிறது. ஒருவர் புண்ணை மற்றவர் வந்து பார்த்துக் கலங்கும் அன்பை இங்கே பலரும் வியந்திருக்கிறார்கள். அந்த விருந்தின் செலவை எண்ணிப் பார்த்தவர்கள் குறைவு. எண்ணிப் பார்க்க வேண்டியது அவசியம். ஏனெனில் சில பக்கங்களுக்குள் சுகறாவின் வாப்பா இறந்துபோகிறார். பாக்கு வாங்கிச் சந்தையில் விற்றுப் பிழைத்த அம்மனிதருக்கு மகளைப் படிக்க வைக்க வேண்டும் என்பதே பெருங்கனவு. அவரோடு அது முடிகிறது. நகரத்துப் பள்ளிக்குச் செல்லவிருக்கும் மஜீத், சுகறாவையும் சேர்த்துப் படிக்க வைக்கும்படி தன் வாப்பாவிடம் வேண்டுகிறான். வசதியுள்ள அவர் தம் உறவினரின் பிள்ளைகளைக் காரணம் காட்டி மறுத்துவிடுகிறார். மஜீத் பள்ளிக்குப் போகிறான். கணக்கறிந்தவள் வீட்டில் தங்கி, அவன் சொல்லும் பள்ளிக் கதைகளைக் கேட்பவளாகிறாள்.

குழந்தைமை இழக்கப்படும் இடம் இதுதான் என்பது நம் துணிபு. மேலை நாவல்கள் பலவற்றில் சிறுவர் தீமையை அறிகிறார்கள். அறிந்ததும் அவர்களது கள்ளமின்மை போய்விடுகிறது. அதன் பின்னணியில் பிறவிப் பாவம், விலக்கப்பட்ட கனி என்னும் கருத்துகள் இருக்கின்றன. நம் மரபு வேறு. ஒவ்வொரு குழந்தையும் ஃபித்ரத்திலேயே, அதாவது தூய இயல்பிலேயே பிறக்கிறது என்கிறது நபிமொழி. பாலிக் ஆகும்வரை அதன்மீது கேள்வி கணக்கில்லை. குழந்தை தன் தூய்மையை இழந்தது எப்படி என்று நாம் குழந்தையிடம் கேட்பதில்லை. அதைச் சூழ்ந்திருந்த பெரியவர்களிடம் கேட்க வேண்டும். பஷீர் இதை வாதமாக முன்வைக்கவில்லை. கதையின் அமைப்பிலேயே வைத்திருக்கிறார். பின்னர் மஜீதின் காலில் புண் வந்து சுகறா பணிவிடை செய்யும்போது அரும்பும் முதல் முத்தம் அவர்களை எவ்வகையிலும் கறைப்படுத்துவதில்லை. அந்தப் பக்கங்கள் நாவலிலேயே தூய்மையானவை. கறை முன்பே விழுந்துவிட்டது. அதை இட்டது பெரியவர் ஒருவரின் மறுப்பு.

அவரைக் கொடியவராக்கிவிடவில்லை என்பது பஷீரின் நேர்மை. தொழுகையாளி, குடும்பத்தைத் தாங்குபவர், கோபக்காரர்; நம் ஊர்களில் எங்கும் காணக்கூடிய மனிதர். ஆனால் யதீமை விரட்டுவோரை மார்க்கத்தையே பொய்யாக்குவோரோடு சேர்த்துச் சொல்லும் அல்மாஊன் அத்தியாயத்தை அவரும் ஓதியிருப்பார். ஓதுதலுக்கும் நடத்தைக்கும் இடையிலுள்ள இந்தத் தூரத்தைப் பஷீர் ஒரு சொல்லாலும் சுட்டிக்காட்டவில்லை.

அறுவடைக் காலத்தில் இட்ட வேலையைச் செய்யத் தவறியதற்காக மஜீதை அடித்து வெளியேற்றுகிறார் அதே வாப்பா. மகன் ஆண்டுக்கணக்கில் தேசாந்திரியாகிறான். நெல்லும் சபரும் இணையும் இவ்விடத்தில் நம் பகுதி வாசகர் தம்மைக் காணாமல் இருக்க முடியாது. முத்துப்பேட்டை, கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் முதலிய ஊர்களிலிருந்து மீசை அரும்பும் முன்பே மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறிய பிள்ளைகள் பலர். கடைமடைக்குத் தண்ணீர் வராத ஆண்டுகளிலும் வீடுகளைக் காத்தது அவர்களது உழைப்பு. அதைத் தியாகம் என்று போற்றினோம். அவர்கள் பாதியில் விட்ட படிப்பைப் பற்றிப் பேசவில்லை. அவர்களது தங்கையர் பருவமெய்தியதும் பள்ளி நின்றதைப் பற்றிப் பேசியது அதனினும் குறைவு.

மஜீத் திரும்பி வரும்போது குடும்பம் நொடித்துக் கிடக்கிறது. சுகறா ஓர் இறைச்சிக் கடைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டு, அடிபட்டு, பல்லொன்றை இழந்து, உருக்குலைந்து நிற்கிறாள். படித்திருந்தால் இந்த நிலை வந்திராது என்று நாவல் எங்கும் சொல்லவில்லை. கூட்டிப் பார்க்கும் வேலையைக் கணக்கறிந்த வாசகரிடம் விட்டிருக்கிறது. தங்கையரின் சீதனத்துக்காக மஜீத் மீண்டும் தொலைதூர நகரம் செல்கிறான். அங்கே விபத்தில் ஒரு காலை இழந்து, உணவு விடுதியில் எச்சில் பாத்திரம் கழுவுகிறான். சுகறாவின் மரணச் செய்தி அங்கேதான் கடிதமாக வருகிறது. இப்பிற்பகுதியில் துயரங்கள் விரைந்து அடுக்கப்படுவதும், தங்கையர் பெயரளவிலேயே நிற்பதும் நாவலின் குறைகள் என்றே கொள்ளலாம். முற்பகுதியின் நிதானம் இங்கு இல்லை.

சரியாக அறுபது ஆண்டுகளுக்குப் பின், 2004இல், துவரங்குறிச்சியைச் சேர்ந்த சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ வந்தது. அதில் ராபியா என்னும் சிறுமி தன்னைச் சூழ்ந்த பெண்களின் வாழ்வைப் பார்த்தபடி வளர்கிறாள். சல்மாவின் சொந்தப் பள்ளிப்படிப்பும் ஒன்பதாம் வகுப்போடு நின்றதை அவரே பலமுறை கூறியுள்ளார். சுகறாவைத் தடுத்தது வறுமை. இங்கே தடையாவது வழக்கம். இரண்டிலும் முடிவெடுப்பவர் பெரியவரே. சல்மாவின் நூல் நம்மிடையே கோபத்தைக் கிளப்பியது, பஷீரின் நூல் கண்ணீரை வரவழைத்தது. பஷீரைக் கோபமின்றி ஏற்றுக்கொண்டது அவரது நகைச்சுவையாலா, அல்லது அவர் கேட்ட கேள்வியை நாம் காதில் வாங்காததாலா என்று எண்ணிப் பார்க்கலாம்.

இன்று நம் பெண்மக்கள் கல்லூரிகளுக்குச் செல்கிறார்கள், மகிழ்ச்சிக்குரிய மாற்றம். ஆயினும் விருந்துக்குக் கடன் வாங்கத் தயங்காத கை, பக்கத்து வீட்டு யதீமின் கட்டணத்துக்குத் தயங்கும் நிலை முற்றும் மறைந்துவிட்டதா என்பதை அவரவர் ஜமாஅத்தார் அறிவர்.

கடைசிப் பிரிவின்போது சுகறா ஏதோ சொல்ல வாயெடுக்கிறாள். அது முடியாமல் போகிறது. அவள் சொல்ல வந்தது என்ன என்ற கேள்வியோடு மஜீதின் நினைவும் நாவலும் நிற்கின்றன. அதற்கு விடை நமக்குக் கிடைக்கப் போவதில்லை. ஆனால் அவள் படிக்க விரும்பியது மஜீதுக்கும் தெரியும், அவன் வாப்பாவுக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.