தளம் போடுவதற்கு முன்

காரியாபட்டியில் போன மாதம் ஒரு புதுமனை புகுவிழா. வீட்டுக்காரர் எனக்கு மாமா முறை. மாடி வரை கூட்டிப்போய்க் காட்டினார். "பாருங்க மாப்ள, நெட்டுக்குன்னு ஒரு வயர்கூட இழுக்கல. எல்லாம் வைஃபைதான்" என்றார். வந்திருந்தவர்கள் மெச்சினார்கள். சாப்பிட்டுக் கை கழுவப் போகும்போது பார்த்தேன்: சென்னைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் அவர் மகள், படிக்கட்டுத் திருப்பத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கென்று கட்டிய அறையில் சிக்னல் நிற்கவில்லையாம். நடுவில் ஒன்பது அங்குலச் சுவர், சுவரையொட்டி இரும்பு பீரோ.

இன்று கட்டப்படும் பல வீடுகளில் இந்தக் கதைதான். வயர் இல்லாததே வசதி என்று நம்பிவிட்டோம்.

வைஃபையின் நன்மைகளை நான் மறுக்கவில்லை. கைப்பேசியில் நெட் கம்பியை நேரடியாகச் செருக இடமே கிடையாது. வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க முடியாது. பஜாரில் ஒரு மளிகைக் கடை பில் மெஷினையும் கேமராவையும் ஒரே நாளில் இணைத்துவிடலாம். 2005இல் வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அரசு உரிமக் கட்டுப்பாட்டை நீக்கியது நல்ல காரியம்.

இந்த நுட்பத்தின் பெருமைக்கு நம் பக்கமே சான்று உண்டு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை தேனி வட்டாரத்தில் சிறு பார்வை மையங்களைத் திறந்தபோது, பெர்க்லி பல்கலைக்கழகக் குழுவோடு சேர்ந்து, பல கிலோமீட்டர் தாண்டி வைஃபை அலையை அனுப்பியது. கிராமத்து நோயாளி மையத்தில் உட்கார்ந்தபடியே திரையில் மருத்துவரோடு பேசினார். ஆனால் அந்தக் குழுவே 2008இல் எழுதிய ஆய்வைப் படித்தால் ஒன்று புரியும். கருவிகள் படுத்ததற்குப் பெரிய காரணம் அலை அல்ல, சீரில்லாத மின்சாரம். கரன்ட் ஏறி இறங்கியதில் கருவிகள் கெட்டன. கம்பியில்லாத் தொடர்பு நின்றதும் விழுந்ததும் கம்பியால்தான்.

பல வருடமாக நான் சொல்லிவருவதும் இதுதான். வைஃபை என்பது ஒரு கம்பியின் கடைசிச் சில மீட்டர். அதையே முழு வலையமைப்பு என்று எண்ணும்போதுதான் தப்பு நடக்கிறது.

ரௌட்டர் அட்டைப்பெட்டியைப் பாருங்கள். பெரிதாக 1200 என்று போட்டிருக்கும். அது 300, 867 என்று இரண்டு அலைவரிசைகளின் உச்ச வேகத்தையும் கூட்டி, முழு நூறாக்கிச் சொன்ன கணக்கு. ஒரே நேரத்தில் ஒரு அலைவரிசையில் பேசும் கைப்பேசிக்கு அந்த வேகம் ஒருநாளும் கிடைக்காது. விலை மலிந்த பல பெட்டிகளில் பின்பக்கக் கம்பித் துளையின் வேகமோ வெறும் 100. அலையில் ஒரே சேனலில் ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். 2.4இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். பஜாரில் வரிசையாகப் பத்துக் கடைகள், பத்துப் பெட்டிகள். அத்தனையும் அந்த மூன்றுக்குள் நெருக்கியடிக்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸுக்குப் போகலாம் என்றால் அது சுவரைக் கண்டாலே சோர்ந்துவிடும். கான்கிரீட் தளத்தைத் தாண்டி மாடிக்குப் போவதற்குள் பாதி உயிர் போய்விடும்.

வீட்டில் இது எரிச்சலோடு போகும். வேலையிடத்தில் காசு. சிவகாசி அச்சகங்களில் காலண்டர் டிசைன் கோப்புகள் நூற்றுக்கணக்கான எம்பி வரும். ஜிகாபிட் கம்பியில் ஒரு ஜிபி கோப்பு பத்து விநாடியில் பிளேட் எடுக்கும் அறைக்குப் போய்ச் சேரும். அதையே எல்லாருடைய கைப்பேசியும் தொங்கும் வைஃபையில் அனுப்பிவிட்டு, நீலப் பட்டை நகர்வதைப் பார்த்துக்கொண்டு ஆபரேட்டர் நிற்க வேண்டுமா? ஓரிடத்தில் அசையாமல் இருக்கும் கணினிக்கு அலை எதற்கு?

2023இல் ஏர்டெலும் ஜியோவும் 'ஏர்ஃபைபர்' என்ற பெயரில் இணைப்பு கொடுக்கத் தொடங்கின. காற்றில் எங்கே ஃபைபர்? மொட்டைமாடிப் பெட்டி 5ஜி அலையைப் பிடிக்கிறது. அங்கிருந்து வீட்டுக்குள் கம்பிதான் இறங்குகிறது. எதிர்முனையில் இருக்கும் டவருக்கும் நல்ல வேகம் வேண்டுமென்றால் மண்ணுக்கடியில் ஃபைபர் போயாக வேண்டும். தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோகத் திட்டம் இருக்கிறது. அது ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் வந்து சேர்வதற்கு முன்பே, "அதான் காத்துல வருதே" என்று சொல்லி, கம்பி கேட்காமல் இருக்கப் பழகிவிட்டோம். கேட்காத ஊருக்கு யாரும் கம்பி இழுக்கப்போவதில்லை. வைஃபை மோகத்தின்மேல் எனக்குள்ள பெரிய கோபம் இதுதான்.

மாமா வீட்டில் இனிச் சுவரைக் கொத்த வேண்டும், அல்லது மகள் படிக்கட்டிலேயே உட்கார வேண்டும். புதிதாகக் கட்டுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். எலக்ட்ரீஷியன் ஃபேனுக்கும் லைட்டுக்கும் பைப் வைக்கும் அன்று, தளம் போடுவதற்கு முன், ஒவ்வொரு அறைக்கும் ஒரு இஞ்ச் பைப் ஒன்றைத் தனியாகப் போடச் சொல்லுங்கள். கரன்ட் வயர் அதற்குள் போகக் கூடாது. கேபிள் இப்போது இல்லாவிட்டாலும் சரி, காலியாகக் கிடக்கட்டும்.