ரூபென்சின் விதான ஓவியங்களும் பட்டறை உழைப்பும்

பரோக் காலச் சமய ஓவியங்களை ஆராய்வோருள் பலர் ஓவியரின் பத்தியையும் கற்பனையையும் விரித்துரைப்பர். பலகை, பசை, எண்ணெய், மாணாக்கர் கைத்திறன் ஆகியவற்றை ஓரிரு வரிகளில் சொல்லிக் கடந்துவிடுவர். இம்முறை தவறான முடிவுகளுக்கு இடந்தரும் என்பது எம் கருத்து. ஆன்ட்வெர்ப் நகரத்து இயேசு சபைத் தேவாலயத்திற்கென ரூபென்ஸ் அமைத்த விதான ஓவியங்களை ஈண்டு நோக்குவோம்.

1620 மார்ச் 29இல் எழுதப்பெற்ற ஒப்பந்தம் தெளிவானது. 39 ஓவியங்களுக்கும் உரிய சிறு முன்வரைவுகளை ரூபென்ஸ் தம் கையாலேயே தீட்டுதல் வேண்டும். பெரிய ஓவியங்களை வான் டைக்கும் பிற மாணாக்கரும் தீட்டலாம். குறையுள்ள இடங்களை ஆசிரியர் நிறைவு செய்வார். வான் டைக்குக்கு அப்போது வயது 21. ஆகவே, பிறர் கைபட்டமை மறைபொருள் அன்று. இரு திறத்தாரும் உடன்பட்டுக் கையொப்பமிட்ட செய்தியே ஆகும்.

இனி, முன்வரைவுகளின் ஒளியைக் காண்போம். ஓக் மரப் பலகைமீது சுண்ணமும் பசையும் கலந்த வெண்ணிற அடிப்பூச்சு. அதன்மேல் அகன்ற தூரிகையால் இழுத்த மெல்லிய பழுப்புப் பூச்சு. தூரிகையின் தடங்கள் இன்றும் வரிவரியாகத் தெரிகின்றன. நிழலிடங்களில் வண்ணத்தை நீர்த்தாற்போல் மெல்லிதாக விட்டு, ஒளி படும் தோளிலும் முகில் விளிம்பிலும் மட்டும் ஈய வெள்ளையைத் தடித்து வைக்கிறார். நிழலினூடே அடிவெண்மை கசிகின்றது. விண்ணொளி என யாம் வியப்பதில் ஒரு பங்கு சுண்ணத்தின் ஒளியே அன்றோ!

கீழிருந்து அண்ணாந்து காண்பதற்கென, பல கைகள் பேரளவில் பரப்பிய வண்ணத்தில் இவ்விளைவு அவ்வாறே அமைந்திருக்கும் எனக் கொள்ளுதல் அரிது. சரிபார்க்கவும் வழியில்லை, 1718இல் இடி விழுந்து எழுந்த தீயில் அவ்விதான ஓவியங்கள் அனைத்தும் அழிந்தன. அதற்குச் சில ஆண்டுகள் முன்னர் யாக்கோப் டி விட் எடுத்த நகல்கள் உருவ அமைப்பை அறிவிக்குமேயன்றி, பூச்சின் இயல்பை அறிவியா. ஆயினும், பலகையில் கண்ட விரைவையும் ஒளியையும் அழிந்த விதானத்தின்மேல் ஏற்றிப் புகழ்வார் உளர். அப்புகழுரை வான் டைக்கு முதலியோரின் உழைப்பைக் காணாமலே மதிப்பிட்டதாகும்.

முன்வரைவுகளைத் தேவாலயத்தார்க்கு அளித்தல், அன்றேல் பக்கப் பலிபீடத்திற்கு வேறோர் ஓவியம் தீட்டித் தருதல் என்னும் இரண்டனுள் ஒன்றைச் செய்யவும் அவ்வொப்பந்தம் இடந்தந்தது. அச்சிறு பலகைகள் ஒரு பலிபீட ஓவியத்திற்கு ஈடாக அன்றே எண்ணப்பெற்றன.